குறையில்லாத பெட்டி

பல் டாக்டர் கையை உடைத்துக்கொண்டது தன் கிளினிக் படிக்கட்டில். படி ஈரமாக இருந்தது உண்மைதான். ஆனால் ஈரம் அவளை ஒன்றும் செய்திருக்காது. பத்து வருடமாக அந்தப் படியில் ஏறி இறங்குகிறவள். சுவரில் புதிதாக ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறதே, என்னவென்று திரும்பிப் பார்த்தாள். 'கவனம், வழுக்கும்' என்று எழுதியிருந்தது. படித்து முடிப்பதற்குள் கீழே கிடந்தாள்.

காகிதம் ஒட்டியவர் அவள் கணவர்.

அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் அவரை எல்லோரும் இன்ஸ்பெக்டர் என்பார்கள். போலீஸ் இல்லை. பேரிங் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இரும்புக் குண்டுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக் கழித்தவர். போன வருடம் ஓய்வு. ஓய்வு கிடைத்தது தொழிற்சாலைக்கு. அவர் வேலையை அப்படியே வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டார். ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் எத்தனை மில்லிமீட்டர் தளர்ந்திருக்கிறது என்று கதவிலேயே எழுதி ஒட்டினார். ஒரே ஒரு நாள் கிளினிக்குக்கு வந்து வரவேற்பு மேசையின் வேலை முறையை ஆய்வு செய்தார். வரவேற்பில் இருந்த பெண் மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அன்றிலிருந்து கிளினிக், சமையலறை, துணி அலமாரி ஆகிய மூன்றும் அவருக்குத் தடை செய்யப்பட்ட பகுதிகள். நான்காவது, மொட்டைமாடி. அங்கேதான் டாக்டரின் தேனீப் பெட்டிகள் இருந்தன.

"ஆறு வாரம். கையை அசைக்கக் கூடாது," என்றார் எலும்பு டாக்டர், மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு.

மொட்டைமாடிக்குப் போக இருந்தது சுவரோடு ஒட்டிய இரும்பு ஏணி. இரண்டு கையும் வேண்டும். காலமோ கோடையின் தொடக்கம். கட்டடத்தைச் சுற்றியிருந்த மரமெல்லாம் ஒரே நேரத்தில் பூத்துத் தொலைத்திருந்தன. தேனீ வளர்ப்பவர்கள் வருடத்தில் வேறெந்த ஆறு வாரத்திலும் கையை உடைத்துக்கொள்ளலாம். இந்த ஆறு வாரத்தில் மட்டும் கூடாது.

மகள் தொலைபேசியில் சிரித்தாள். "அப்பா, உண்மையைச் சொல்லுங்க. அம்மா கை உடைஞ்சதுல வருத்தமா, பெட்டி உங்க கைக்கு வந்ததுல சந்தோஷமா?"

"ரெண்டும் தனித்தனி விஷயம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

பெட்டிகள் இரண்டு. தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே இருந்தது பெரியவள். ஆறு வருடக் குடும்பம். இதுவரை கட்டடத்தில் ஒருவரையும் கொட்டியதில்லை என்பதால்தான் குடியிருப்போர் சங்கம் பெட்டிகளை விட்டுவைத்திருந்தது. மேற்கே இருந்தது சின்னவள். நோஞ்சான் கூட்டம்; கோபம் மட்டும் கூடுதல். டாக்டருக்கு உயிர் பெரியவள்மேல். நோயாளி வாயைத் திறந்து வைத்திருக்கும்போதுகூட ஜன்னல் வழியாக அந்தப் பக்கம் ஒரு பார்வை போகும்.

"வாரம் ஒரு தடவை திறந்தா போதும். மேல் அறை தேன் ரொம்பிடுச்சுன்னா அதுக்கு மேல இன்னொண்ணு வைங்க. முக்கியமா, ராணி அறை கண்ணுல பட்டா என்கிட்ட வந்து சொல்லுங்க. அவ்வளவுதான்."

"ராணி அறைன்னா?"

"அடையோட ஓரத்துல நிலக்கடலை மாதிரி தொங்கும். பெட்டியில எடம் பத்தலைன்னா புது ராணியை வளர்க்க ஆரம்பிச்சிடும். புதுசு வர்றதுக்குள்ள பழைய ராணி பாதிக் கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு வீட்டை விட்டுப் போயிடுவா. அப்புறம் எங்க போய்த் தேடறது? அதனாலதான் பாத்ததும் சொல்லுங்கங்கிறேன். என்ன செய்யணும்னு நான் சொல்றேன்."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். அவர் காதில் விழுந்தது இவ்வளவுதான்: நிலக்கடலை வடிவப் புடைப்பு, ஓரத்தில் தொங்கும், கூட்டம் உடையக் காரணம். ஆக, குறை. முப்பதாண்டு மணவாழ்க்கையில் அவள் ஒரு பொருளை முழுதாக அவரிடம் ஒப்படைத்தது இதுதான் முதல் முறை. ஆறு வாரம் கழித்து அதை ஒரு கீறல் இல்லாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் சமையலறை கூடத் திரும்பக் கிடைக்கலாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை முகவலை, கையுறை, புகை போடும் டப்பா, புதிதாகக் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஆகியவற்றோடு ஏணி ஏறினார். பெரியவளின் மூடியைத் திறந்ததும் உள்ளே தேர்த்திருவிழாபோல நெரிசல். அடை கட்டியிருந்த எட்டு மரச்சட்டங்களையும் ஒவ்வொன்றாக உருவி, வெளிச்சத்தில் காட்டி, இருபுறமும் திருப்பிப் பார்த்தார். நிலக்கடலைகள் ஏழு இருந்தன.

தொழிற்சாலையில் அவருடைய பிரிவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கண்டுபிடித்த குறையை அந்த இடத்திலேயே சரிசெய்துவிட்டால், இறுதி அறிக்கையில் அது ஏறாது. சரிசெய்த குறை குறையே அல்ல. மேலாளர்கள் பார்க்க விரும்பியதும் அந்தக் கடைசிப் பூஜ்யத்தைத்தான். ஏழு எப்படிப் பூஜ்யமானது என்ற கதையை யாரும் கேட்டதில்லை. அந்தப் பூஜ்யங்களுக்காக அவருக்கு இரண்டு முறை கேடயம் கொடுத்திருக்கிறார்கள்.

சின்னக் கத்தியால் ஏழையும் சுரண்டி எடுத்தார். நோட்டில் பென்சிலால் ஏழு கோடு கிழித்தார். கீழே இறங்கி, நல்ல காகிதத்தில் பேனாவால் சுத்தப் பிரதி எழுதினார்.

"ராணி அறை ஏதாவது?" என்றாள் டாக்டர், தலையணைமேல் கையை வைத்தபடி.

"இல்லை."

பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் துளியும் அவருக்கு இல்லை. அவர் இறங்கி வந்தபோது பெட்டியில் ராணி அறை இல்லைதானே.

"ஒண்ணுகூட இல்லையா? இந்த நேரத்துலயா?"

"நல்லாப் பாத்துட்டேன். எட்டுச் சட்டம், பதினாறு பக்கம்."

அவள் கொஞ்சம் ஆச்சரியப்பட்டாள். பிறகு, பாவம், சந்தோஷப்பட்டாள். வலி மாத்திரையின் மயக்கத்தில் மனிதர்கள் யாரையும் நம்புவார்கள்.

இரண்டாவது ஞாயிறு பெட்டியைத் திறந்தவர் அசந்துபோனார். நெரிசல் பாதியாகக் குறைந்திருந்தது. போன வாரம் சட்டத்தின்மேல் கை வைக்க இடமில்லை. இன்றோ அங்கங்கே அடையின் மெழுகு கண்ணுக்குத் தெரிந்தது. தேனீக்கள் அவசரமில்லாமல் நடமாடின. ஒரே வார நிர்வாகத்தில் இப்படியொரு ஒழுங்கா என்று அவரே கொஞ்சம் கூச்சப்பட்டார். நிலக்கடலைகள்தான் பதினொன்று. சில போன வாரத்தைவிடப் பெரியவை, நுனி மூடியவை. குறை திரும்பத் திரும்ப வருமென்றால் ஆய்வும் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும், அவ்வளவுதானே. பதினொன்றையும் எடுத்தார்.

"இல்லை. அதோட நெரிசல் நல்லாக் குறைஞ்சிருக்கு," என்றார் அன்று மாலை. 'நெரிசல் குறைவு' என்ற வரியின் கீழே கோடும் போட்டிருந்தார்.

"குறைஞ்சிருக்கா? எப்படிக் குறையும்?"

"எல்லாம் வெளிய வேலைக்குப் போயிருக்கும். பூ நிறைய இருக்கில்ல."

அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது. மூன்றாவது ஞாயிறு மூன்றே மூன்று அறைகள், அவற்றையும் எடுத்தார். நான்காவது ஞாயிறு, பதினாறு பக்கத்தையும் இரண்டு முறை பார்த்தும் ஒன்றுகூட இல்லை. ஏழு, பதினொன்று, மூன்று, பூஜ்யம். தொழிற்சாலையில் இப்படியொரு சரிவு கிடைக்க ஒரு வருடம் பிடிக்கும். பெட்டிக்குள்ளிருந்து ஓலம்போல ஒரு இரைச்சல் வந்ததையும், கையுறையையும் மீறி ஒன்பது இடத்தில் கொட்டியதையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உற்பத்தி உச்சத்தில் இருக்கும்போது இயந்திரம் கொஞ்சம் சத்தம் போடும்.

அன்று அறிக்கையைக் கொடுக்கும்போது வாய்மொழியாகவும் ஒரு செய்தி சேர்த்தார்.

"தேன் எக்கச்சக்கம். மேல் அறை மட்டுமில்லை, கீழயும் ரொப்பியிருக்கு. நட்ட நடுச் சட்டத்துலயே பாதிக்கு மேல தேன்."

டாக்டர் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்தாள். "நடுவுலயா?"

"ஆமா, நடுவுல."

"நடுவுல தேன் இருக்கக் கூடாதே. அது புள்ளைங்க இருக்கற எடம். முட்டை எங்க?"

"முட்டையா?"

"முட்டைங்க. அறைக்குள்ள அடியில, நூல் துண்டு மாதிரி வெள்ளையா நிக்கும். புழு? மூடாத அறையில புழு இருந்துச்சா?"

இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டினார். முட்டைக்கு அவர் பத்தி ஒதுக்கியிருக்கவில்லை. பத்தி இல்லாத பொருளைப் பார்க்கும் பழக்கம் அவருக்கில்லை.

"அந்த நோட்டைக் குடுங்க," என்றாள்.

"அது ரஃப். சுத்தப் பிரதி உன் கையில இருக்கே."

"ரஃபைக் குடுங்க."

இடது கையால் பக்கங்களைத் திருப்பினாள். பென்சில் கோடுகள் ஏழு. பக்கத்தில் 'ரா.அ. நீக்கப்பட்டது'. அடுத்த பக்கத்தில் பதினொன்று. அதற்கடுத்ததில் மூன்று. அவள் மூன்று பக்கத்தையும் இரண்டு முறை படித்தாள். முகத்தில் கோபம் வரும் என்று அவர் காத்திருந்தார், வரவில்லை. எக்ஸ்ரேயைப் பார்க்கும்போது இருக்கும் முகம்தான் இருந்தது.

"நான் கேட்டேன். மூணு வாரமும் கேட்டேன்."

"நீ கேக்கும்போது இல்லைதானே."

"வலிக்குதுன்னு வந்தவனுக்கு வாயில இருக்கற பல்லையெல்லாம் புடுங்கிட்டு, சொத்தைப்பல் எதுவும் இல்லைன்னு சர்டிபிகேட் குடுத்திருக்கீங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ராணி எப்பவோ போயிட்டா. மொதல் வாரம் நீங்க எங்கயோ ஒரு ராணி அறையைப் பாக்காம விட்டிருக்கீங்க. அதை நம்பிப் போயிருக்கா. போனவ முட்டையை விட்டுட்டுப் போயிருக்கா. அதுல இருந்து எப்படியாவது ஒரு ராணியை வளர்த்துக்கலாம்னு மிச்சமிருந்ததுங்க பாத்துருக்கு. அதையும் நீங்க சுரண்டிட்டீங்க. திரும்ப மூணு கட்டியிருக்கு. அதையும். இப்ப கட்டறதுக்கு முட்டையே இல்லை."

"போயிருந்தா யாராவது பாத்திருக்க மாட்டாங்களா?" என்றார். சட்டப்படி அது கேட்கக்கூடிய கேள்வியாகத்தான் இருந்தது.

கீழே போய் வாட்ச்மேனைக் கேட்டார். வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"ஆமா சார். ரெண்டு வாரம் முன்னாடி, வெள்ளிக்கிழமை மத்தியானம். வானமே கறுத்துப் போச்சு. அப்புறம் கார் நிறுத்தற எடத்து மரத்துல பூசணிக்கா மாதிரி தொங்குச்சு. சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு சார். எல்லாரும் போட்டோ எடுத்தாங்க."

"எல்லாரும்னா?"

"எல்லா வீடும் சார். மூணாவது மாடிக்காரங்க சொந்தக்காரங்களையெல்லாம் வரச்சொல்லிக் காட்டுனாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"உங்க தேனீதானே சார். நீங்க பாக்காமலா இருப்பீங்க?"

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் இன்ஸ்பெக்டர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அடுத்த ஆய்வுக்காக அளவுகோல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் திறந்துதான் இருந்தது. கோடுகள் மிகவும் நேராக வந்திருந்தன.

மேலே வந்தபோது டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "எவ்வளவு நாள் தாங்கும்?" என்று கேட்டார்.

"இப்ப இருக்கறது வயசாகி விழுந்துட்டே இருக்கும். புதுசா ஒண்ணும் பொறக்காது. இன்னும் ஒரு மாசம், ஒண்ணரை மாசம். அப்புறம் காலிப் பெட்டிதான்." "சின்னவகிட்ட முட்டை இருக்கும். அதுல ஒரு சட்டத்தை எடுத்துப் பெரியவளுக்குக் குடுக்கணும். இன்னைக்கே. வெயில் இறங்கறதுக்குள்ள."

"நான் செய்யறேன்."

"வேற யாரு செய்வா? என்னால ஏணி ஏற முடியாது. வாட்ச்மேனைக் கூப்பிடுங்க, போனைப் பிடிக்கட்டும். நான் பாத்துட்டே சொல்றேன்."

வாட்ச்மேன் வந்தார். மேலே போனதும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, கையை மட்டும் நீட்டிப் போனைக் காட்டினார். அந்தக் கோணத்தில் டாக்டருக்குத் தெரிந்தது தொட்டியின் குழாயும் கொஞ்சம் வானமும்.

"கிட்ட போங்க அண்ணே," என்றது போன்.

"போயிட்டுத்தான்மா இருக்கேன்," என்றார் வாட்ச்மேன், ஒரு அடியும் எடுத்து வைக்காமல்.

சின்னவளின் நடுச் சட்டத்தை உருவினார் இன்ஸ்பெக்டர். முகவலைக்குள் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து மங்கியது. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துச் சட்டத்தைச் சாய்க்கச் சொன்னாள். சாய்த்தார். முதலில் வெறும் குழிகளாகத் தெரிந்தன. பிறகு ஒரு குழியின் அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு, அடுத்ததிலும், அதற்கடுத்ததிலும். பெரியவளிடம் இப்படி இருந்த முட்டைகளுக்கு மேல்தான் அவர் கத்தியோடு நடமாடியிருக்கிறார்.

"இருக்கு," என்றார்.

"மொதல்ல அந்தச் சட்டத்துல ராணி இருக்காளா பாருங்க. அவளையும் சேத்துத் தூக்கிட்டு வந்துட்டீங்கன்னா ரெண்டு பெட்டியும் போச்சு."

இரண்டு பக்கமும் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "இல்லை."

போன் கேட்டது: "நிஜமாவே இல்லையா, இல்லை இருந்து எடுத்தாச்சா?"

தொட்டிக்குப் பின்னால் வாட்ச்மேன் இருமினார்.

"நிஜமாவே இல்லை," என்றார் இன்ஸ்பெக்டர்.

சட்டத்திலிருந்த தேனீக்களை மென்தூரிகையால் சின்னவளின் பெட்டிக்குள்ளேயே தள்ளிவிட்டு, பெரியவளின் நடுவிலிருந்த தேன் சட்டமொன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை இறக்கினார். விரல் விரலாகப் பிடியை விட்டார். இரும்புக் குண்டு விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். இரைந்துகொண்டிருந்த தேனீக்கள் புதுச் சட்டத்தின்மேல் ஏறின, குழிக்குள் தலையை விட்டன. சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. அல்லது அவருக்கு அப்படி வேண்டியிருந்தது.

"இப்ப கேளுங்க," என்றாள் அவர் இறங்கி வந்ததும். "அந்தச் சட்டத்துல திரும்பவும் ராணி அறை கட்டும். நாலு கட்டலாம், பத்து கட்டலாம். நீங்க எதையும் தொடக் கூடாது. பெட்டியையே திறக்கக் கூடாது. புது ராணி பொறந்து, வெளிய பறந்துபோய் ஆண் தேனீயோட சேந்துட்டு வந்து, முட்டை போடணும். இருபத்தாறு நாள்."

"நடுவுல ஒரே ஒரு தடவை, சும்மா மேலோட்டமா..."

"ஏங்க."

அவர் முகவலையை மடக்கி ஆணியில் மாட்டினார்.

மனிதனுக்கு எத்தனையோ தண்டனை கண்டுபிடித்திருக்கிறார்கள். இன்ஸ்பெக்டருக்குப் பொருத்தமானதை எந்தச் சட்டப் புத்தகத்திலும் தேட வேண்டியிருக்கவில்லை. தினமும் காலையில் ஏணி ஏறுவார், பெட்டிக்கு ஐந்தடி தள்ளி ஸ்டூல் போட்டு உட்காருவார், மூடியைப் பார்ப்பார். நோட்டைக் கொண்டுபோவதில்லை, அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். வாசலில் போவதையும் வருவதையும் எண்ண முயன்று, நானூற்றுச் சொச்சத்தில் விட்டுவிட்டார். தொழிற்சாலையில் எதையும் பார்க்காமல் நல்லது என்று நம்பியவர்களை அவர் முட்டாள்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர்களில் ஒருவருடைய முகம்கூட இப்போது நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் கேட்டிருப்பார், எப்படித் தூங்கினீர்கள் என்று.

பதினைந்தாம் நாள் ஒரு புத்தகத்தில், வெளியே பறக்கும் புது ராணியைப் பறவைகள் பிடித்துத் தின்றுவிடுவது உண்டு என்று படித்தார். நேரே கீழே இறங்கி வாட்ச்மேனிடம் போனார்.

"குருவி வந்தா விரட்டுங்க."

"எந்தக் குருவியை சார்?"

"எல்லாத்தையும்."

வாட்ச்மேன் வானத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "சரி சார்," என்றார். எதிர்காலத்தில் எந்தக் கறுப்பு மேகத்தைப் பார்த்தாலும் உடனே வந்து சொல்வதாகவும் தானாகவே வாக்குக் கொடுத்தார். அன்று மாலையே ஒரு முறை வந்து சொன்னார். அது மழை மேகம்.

டாக்டரின் மாவுக்கட்டு ஆறாவது வாரம் பிரிந்தது. மெலிந்து வெளுத்துப்போன கையை மடக்கி நீட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது அவராகவே கேட்டார்: "புது ராணி வரலைன்னா என்ன பண்றது?"

"வரலைன்னா பெரியவ இல்லை. மிச்சத்தைக் கொண்டுபோய் சின்னவளோட சேத்துடுவேன்."

"வந்தா?"

"வந்தாலும் அவ சின்னவளோட மகதானே. கோபக்காரியா இருப்பா. சங்கத்துக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன்," என்றார். வாழ்நாளில் எந்தப் பொறுப்பையும் இத்தனை ஆசையாக அவர் ஏற்றுக்கொண்டதில்லை.

இருபத்தாறாம் நாள் காலை டாக்டர் ஏணி ஏறினாள். அவர் கீழே நின்று ஒவ்வொரு படிக்கும் கையை ஏந்திக்கொண்டிருந்தார், விழுந்தால் பிடிப்பதற்கு. மேலே போனதும், "வாங்க, புகை போடுங்க," என்றாள். மூடியைத் திறந்தாள். வெளியே வந்த முதல் தேனீ நேரே அவர் மணிக்கட்டில் கொட்டியது. அவர் கையை இழுக்கவில்லை.

முதல் சட்டத்தில் தேன். இரண்டாவதிலும் தேன். மூன்றாவதை எடுத்து, முதுகைச் சூரியனுக்குக் காட்டி நின்று, மெதுவாகச் சாய்த்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் இன்ஸ்பெக்டர். வலைக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை.

"பாருங்க," என்று சட்டத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

குழிக்கு ஒன்றாக, அடியில் நட்டுவைத்ததுபோல, வெள்ளைக் கோடுகள். நடுவிலிருந்து வட்டமாக விரிந்துகொண்டே போயின. ஒரு குழியும் விடுபடவில்லை. அவர் உதடுகள் தாமாகவே எண்ணத் தொடங்கின. முப்பதைத் தாண்டுவதற்குள் அவள் சட்டத்தை உள்ளே இறக்கிவிட்டாள்.

"இரு, இரு. இன்னும் அஞ்சு சட்டம் இருக்கே."

"எதுக்கு?"

"பாக்க வேண்டாமா?"

"முட்டை இருக்கு. அப்ப ராணி இருக்கா. அவளுக்கு வேலை கிடக்கு," என்றாள் டாக்டர். "மூடிடலாம்."

இன்ஸ்பெக்டர் அந்த ஐந்து சட்டங்களின் மேல்விளிம்பையும் ஒருமுறை பார்த்தார். எதில் என்ன இருக்கிறதென்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. குனிந்து மூடியை எடுத்தார். விளிம்பில் இரண்டு தேனீக்கள் நின்று தலையைத் துடைத்துக்கொண்டிருந்தன. அவை உள்ளே போகும்வரை மூடியைப் பிடித்தபடி நின்றார். பிறகு மூடினார்.